முட்டியும் ரெண்டரை ஏக்கரும்

போன வருஷம் ஆவணி மாசம். சம்பாவுக்கு நாற்று விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. நாற்றங்கால் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, ரெண்டு நாற்றைப் பிடுங்கி வேர் எப்படி ஓடியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்து முடித்து எழலாம் என்றால் இடது கால் முட்டி எழ மாட்டேன் என்கிறது. கையைச் சேற்றில் ஊன்றி, குழந்தை தவழ்கிற மாதிரி நாலு காலில் வரப்புக்கு வந்து, பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயசு 57. நல்ல வேளை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பார்த்திருக்கிறார்கள். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாங்க, "இன்னாடா, உனக்கும் ஆரம்பிச்சிடுச்சா?"

அந்த 'உனக்கும்' என்ற வார்த்தை ராத்திரி தூங்கவிடவில்லை.

எங்க ஊர் தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் தாண்டி, மணிமங்கலம் பக்கம். நரசிம்மவர்மப் பல்லவன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த அதே மணிமங்கலம். அன்றைக்கு யானையும் குதிரையும் மிதித்த இடத்தில் இன்றைக்கு வெள்ளைக் கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். என் ரெண்டரை ஏக்கரைச் சுற்றி மூணு பக்கம் பிளாட் வந்தாச்சு. மாசம் ஒரு புரோக்கராவது பைக்கை வரப்பு ஓரம் நிறுத்திவிட்டு, "பெரியவரே, எத்தனை நாளைக்கு?" என்று கேட்பார். இத்தனை வருஷமும் சிரித்து அனுப்பியிருக்கிறேன். பையன் சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். முட்டி சேதி கேட்டதும் போனில் அவன் சொன்னது ஒரே வரி: "நைனா, போதும். குடுத்துடலாம்." விலை பேச வருகிறவர்களிடம் வாய் ஜாலம் காட்டலாம். முட்டியிடம் காட்ட முடியாது. குனிய, நிமிர, வரப்பு ஏற முடியாதவனுக்கு நிலம் எதுக்கு?

ஞாயிற்றுக்கிழமைகளில் சேலையூரிலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் நாலைந்து குடும்பங்கள் அரிசி வாங்க வருவாங்க. வரப்பில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு, "உங்களுக்கெல்லாம் மூட்டுவலியே வராது சார், உழைக்கிற உடம்பு" என்பார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன். உண்மை என்னவென்றால், எங்க தெருவில் அறுபது வயசுக்கு மேல் கால் வளையாமல் நடக்கிற பெண்ணை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். ரெண்டு முட்டியும் வெளிப் பக்கமாக வில்லு மாதிரி வளைந்து, பக்கவாட்டில் ஆடி ஆடித்தான் நடப்பாங்க. அவங்கதான் நாப்பது வருஷம் நாற்று நட்டவங்க.

நடவு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இடுப்பை மடக்கிக் குனிந்தால், அந்தப் பாத்தி முடிகிற வரை நிமிர்வது கிடையாது. இடது கையில் நாற்றுக் கட்டு. வலது கை நட்டுக்கொண்டே போகும், கால் பின்பக்கமாகப் போகும். சேற்றில் கணுக்கால் புதைந்திருப்பதால் ஒவ்வொரு அடியும் முட்டியைத் திருகித்தான் வெளியே வரும். காலையில் ஆரம்பித்தால் மத்தியானம் வரை. நவரை, சொர்ணவாரி, சம்பா என்று எங்க பக்கம் மூணு போகம். அது போக களை எடுக்கக் குந்துவது, வீட்டில் அடுப்புக்கு முன்னால் குந்துவது, தண்ணிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை ஏறுவது. இதில் எலும்புக்கு நல்லதும் இருக்கிறது, மூட்டுக்குக் கெட்டதும் இருக்கிறது. பாரம் தாங்கத் தாங்க எலும்பு இறுகும். விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு, எடையே தெரியாமல் மிதப்பதால், இடுப்பு எலும்பு மாசத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் கரைகிறதாம். எங்க பெண்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் மூட்டுக்குள்ளே ரெண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கிற வழவழப்பான குருத்தெலும்பு வேற ஜாதி. வருஷக்கணக்காகக் குந்திக் குந்தி அழுத்தினால் தேயும். சீனாவில் பெய்ஜிங் நகரத்து முதியவர்களைப் பரிசோதித்தபோதும், இளவயசில் நாளெல்லாம் அதிக நேரம் குந்தி உட்கார்ந்தவர்களுக்கு முட்டித் தேய்மானம் கூடுதலாக இருந்தது என்று கண்டிருக்கிறார்கள்.

உழைப்பு வேற, உடம்பைப் பார்த்துக்கொள்வது வேற. இது எனக்குப் புரிய அம்மா கீழே விழ வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு முட்டி வலி பதினைந்து வருஷமாக உண்டு. ஊருக்கு ஒருத்தர் வண்டியில் வந்து 'மூலிகைப் பொடி' பொட்டலம் விற்பார். பேர் வேண்டாம். அந்தப் பொடி சாப்பிட்ட மூணாம் நாள் அம்மா கோயில் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தாங்க. வீடே கொண்டாடியது. ரெண்டு வருஷம் விடாமல் வாங்கினோம். வாங்கிக் கொடுத்தவன் நான்தான். மெல்ல மெல்ல முகம் உப்பி உருண்டையானது. "மாமிக்குச் சதை போட்டிருக்கு" என்று பக்கத்து வீட்டில் சந்தோஷப்பட்டாங்க. கையில் லேசாக இடித்தாலே கருநீலமாக ரத்தம் கட்டியது. அதையும் வயசு என்று விட்டோம். மூணு வருஷம் முன்னால் ஒரு மார்கழி விடியலில், கோலம் போட வாசலில் தண்ணி தெளித்த இடத்தில் வழுக்கி உட்கார்ந்தாங்க. விழுந்தது என்னவோ ஒரு முழ உயரத்திலிருந்து. இடுப்பு மூட்டில் எலும்பு முறிந்துவிட்டது.

உறவுக்காரர்கள் எல்லாரும் கட்டு போடக் கூட்டிப் போகச் சொன்னார்கள். கை விரல், மணிக்கட்டு என்றால் நானும் போயிருப்பேன். இடுப்பு மூட்டு உள்ளே ஆழத்தில் இருக்கிறது, மேலே கட்டுகிற கட்டு அதைப் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் டாக்டர் முகத்தைப் பார்த்தார், கையில் இருந்த கருநீலத்தைப் பார்த்தார். "என்ன மருந்து சாப்பிடறாங்க?" என்றார். பொட்டலத்தை எடுத்துக் காட்டினேன். "இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்போல இருக்கு. வலி மாயமா போகும், எலும்பு உள்ளுக்குள்ள சல்லடையாயிடும்" என்றார். அதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாதாம். உடம்பு தானாகச் சுரப்பதை மறந்துபோயிருக்கும் என்று, கணக்குப் பார்த்து மாத்திரையாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தார்கள். உங்க வீட்டில் யாராவது பேர், முகவரி, என்ன கலந்திருக்கிறது என்று எதுவும் அச்சடிக்காத பொட்டலத்தை மூட்டுவலிக்குச் சாப்பிடுகிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள். மூணே நாளில் வலி போனால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்தது. உடைந்த பந்துக் கிண்ண மூட்டில் பந்தை மட்டும் மாற்றினார்கள். மறுநாளே பிசியோதெரபி பெண் வந்து அம்மாவை வாக்கரைப் பிடித்து நிற்கச் சொன்னாள். அம்மா அழுதாங்க, நானும் சண்டைக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். கோபமே இல்லாமல் சொன்னாள், "ஐயா, பாட்டிய படுக்க வைக்கிறதுதான் ஆபத்து. படுத்தா நெஞ்சுல சளி கட்டும், ரத்தம் உறையும், தொடைச் சதை வாரத்துக்கு வாரம் கரையும்." பிறகு அம்மாவின் முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தச் சொன்னாள். தொடை இறுகும். பத்து எண்ணி விட வேண்டும். இப்படிப் பத்துத் தடவை, காலை மாலை. "முட்டிக்குத் தூண் முட்டி இல்ல பாட்டி, தொடை" என்றாள். போகும்போது நான் எழுந்து நின்றதைப் பார்த்துவிட்டு, "நீங்களும் செய்ங்க ஐயா, கையை ஊனித்தானே எழுந்தீங்க?" என்றாள்.

செய்தேனா? இல்லை. வேலை செய்கிற உடம்புக்கு எதுக்கு எக்சர்சைஸ் என்கிற திமிர். அதற்குத்தான் நாற்றங்காலில் நாலு காலில் தவழ்ந்தேன்.

மறுவாரம் சானடோரியத்தில் இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போனேன். 2005-ல் திறந்தது, அங்கிருக்கிற மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். காலையிலேயே வரிசை நீளம். எனக்கு முன்னால் படப்பைப் பக்கத்திலிருந்து வந்த ரெண்டு அம்மாக்கள், ரெண்டு பேருக்கும் வில்லு முட்டி. எனக்குப் பின்னால் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒரு தம்பி, முப்பது வயசு, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. உட்கார்ந்தே கெட்டவனும் குந்தியே கெட்டவளும் ஒரே பெஞ்சில். டாக்டர் என் சீட்டில் 'அழல் கீல்வாயு' என்று எழுதினார். தேய்மானத்துக்குச் சித்தத்தில் அதுதான் பேர். மேலுக்குத் தடவ எண்ணெய் கொடுத்தார். எண்ணெயைவிட எனக்கு உபயோகமானது அவர் கேட்ட ஒரு கேள்வி: "வலிக்குதுன்னு நடக்கறதையே நிறுத்திட்டீங்களா?" நிறுத்தித்தான் இருந்தேன். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாதாம். மூட்டுக்குள் இருக்கிற எண்ணெய் மாதிரி நீர்தான் அதற்குச் சாப்பாடு. ஸ்பாஞ்சை அழுத்தி விட்டால் தண்ணி உறிஞ்சுகிற மாதிரி, நடக்கும்போது அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டுத்தான் அது சாப்பிடுகிறது. உட்கார்ந்தே இருந்தால் பட்டினி, ஒரேயடியாக அழுத்தினால் நசுங்கல். மடை திறப்பதும் அடைப்பதும் தெரிந்தவனுக்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

சானடோரியம் என்ற பேரையே யோசித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். 1928-ல் டாக்டர் சௌரி முத்து என்பவர் அங்கே காசநோய் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். அதற்கு முன்னால் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் இதே மாதிரி ஒன்றை நடத்தினவர். கணித மேதை ராமானுஜன் 1917-ல் அங்கே அவரிடம் நோயாளியாக இருந்திருக்கிறார். அந்தக் காலத்தில் காசத்துக்கு மாத்திரை கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, அவ்வளவுதான். எலும்பில் காசம் வந்தவர்களை ஐரோப்பாவில் வெயிலிலேயே படுக்க வைத்துப் பார்த்தார்கள், சுவிட்சர்லாந்தில் ரோலியே என்ற டாக்டர் அதற்குப் பேர் போனவர். வெயிலைத் தேடி அவர்கள் மலை ஏறினார்கள். வெயில் கொட்டிக் கிடக்கிற நம்ம தாம்பரத்தில் இன்றைக்கு எந்த லேபில் ரத்தம் கொடுத்தாலும் 'வைட்டமின் டி குறைவு' என்று வருகிறது! அடுக்குமாடியிலிருந்து லிஃப்டில் இறங்கி, காரில் ஏறி, கண்ணாடிக் கட்டடத்துக்குள் போய்விட்டால் வெயில் எங்கே படும்? ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயிலில் சூடு இருக்கும், வைட்டமின் டி-க்கு வேண்டிய கதிர் இருக்காது. விடிகாலை இளவெயிலிலும் அது ரொம்பக் குறைவு. பதினோரு மணி வாக்கில் கை, கால், முகத்தில் படுகிற மாதிரி அரை மணி நேரம் நிற்கணும். நம்ம கருத்த தோலுக்கு வெள்ளைக்காரனைவிடக் கூடுதல் நேரம் வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்தேன். அம்மா பார்த்துச் சிரித்தாங்க. "பத்து எண்ணணும்டா, நீ ஏழுலயே உடற." அப்புறம் ரெண்டு பேருமாகத் திண்ணையில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தோம். காலை நீட்டித் தூக்கி நிறுத்துவது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது எல்லாம் பிறகு சேர்ந்தது. முதல் மூணு வாரம் ஒன்றும் தெரியவில்லை. நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். ஆறாவது வாரம் வரப்பு ஏறும்போது கையை எதிலும் ஊன்றவில்லை என்பதை ஏறின பிறகுதான் கவனித்தேன்.

எடையும் குறைத்தேன். 82 இருந்தது, இப்போ 76. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறையுமாம். ஆறு கிலோவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அரை மூட்டை யூரியாவை இறக்கி வைத்த மாதிரி. ராத்திரி மூணு தட்டு சோறு ஒரு தட்டானது. காலையில் கேவுரு கூழ். கேழ்வரகைத்தான் நாங்க கேவுரு என்போம். நூறு கிராம் கேவுருவில் சுண்ணாம்புச் சத்து 350 மில்லிகிராம் பக்கம் இருக்கிறது, அதே அளவு வெள்ளரிசியில் 10 மில்லிகிராம்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். சொல்கிறது. அரிசியைத் தின்று அதை எட்ட முடியாது. கூழுக்கு மோர் ஊற்றி, தொட்டுக்க நெத்திலிக் கருவாடு. முள்ளோடு மென்று தின்னணும். வாரத்துக்கு ரெண்டு நாள் முருங்கைக் கீரை.

பிரண்டையைப் பற்றிக் கேட்பீர்கள். வேலியில் படர்ந்து கிடக்கிறது, நாங்க துவையல் அரைக்கிறோம். இளசாகப் பறித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நாரை உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்தால்தான் நாக்கு அரிக்காது. முடக்கத்தான் தோசையும் உண்டு. ருசிக்கும் பழக்கத்துக்கும் சாப்பிடுகிறேன். ஆனால் பிரண்டை தின்றால் தேய்ந்த சவ்வு வளரும் என்று யாராவது வீடியோ போட்டால் நம்பாதீர்கள். எங்க தெருப் பெண்கள் எல்லாரும் பிரண்டை தின்றவர்கள்தான்.

பெரிய மாற்றம் நிலத்தில்தான். இந்த நவரைக்குக் கை நடவு இல்லை. தட்டில் நாற்று விட்டு, பதினாறாம் நாள் இயந்திர நடவு. வரிசை நடவு என்பதால் களைக்குக் கோனோ வீடர், நின்றபடி தள்ளலாம். மண்வெட்டிக்கு ஒரு சாண் நீளமாகப் பிடி போட்டேன். உர மூட்டையை முதுகில் ஏற்றுவதில்லை, தள்ளுவண்டி. "நிலத்துல குனியாம வெவசாயமா?" என்று பக்கத்து நிலத்துப் பெரியவர் கிண்டல் அடித்தார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் கையை ஊன்றித்தான் எழுந்திருக்கிறார். முட்டி முழுசாகச் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். மழைக்காலத்துக் காலையில் பிடிக்கிறது, குந்துவதை அறவே விட்டுவிட்டேன். தேய்ந்தது தேய்ந்ததுதான்.

பையனிடம் இன்னும் முடிவு சொல்லவில்லை. பொங்கலுக்கு வந்திருந்தபோது அவனே தட்டு நாற்றைத் தூக்கி மெஷினில் வைத்தான். மூணாவது தட்டில் "நைனா, முதுகு பிடிச்சிக்கிச்சு" என்று வரப்பில் உட்கார்ந்தான். வயசு 29.

அம்மா வாக்கரோடு வரப்பு முனை வரைக்கும் வந்திருந்தாங்க, ஒன்றரை ஃபர்லாங் தூரம் இருக்கும். மெஷின் நட்டுக்கொண்டு போவதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாங்க. ஒரே மூச்சில் ஒரு பாத்தி முடிந்தது.

"இது அப்பவே இருந்திருக்கலாம்டா" என்றாங்க. அப்புறம் பேரனைப் பார்த்து, "ஏந்துருடா, மூலையில ரெண்டு வரிசை உட்டுட்டு பூட்டான் பாரு, அத நான் வந்து நடவா?" என்று வாக்கரைத் திருப்பினாங்க.